ஊறுகாய்ப்புல் வாசம்

சீஸ் செய்யும் கெப்ஹார்ட் பால் கேனைத் திறந்து மூக்கை உள்ளே விட்டால் ஒரே மூச்சில் வெளியே எடுத்துவிடுவார். இருபது வீட்டுப் பாலும் அப்படித்தான் தினமும் சீஸ் கூடத்துச் செப்புக் கொப்பரைக்குப் போகும். அன்று காலை வால்புர்காவின் கேனுக்குள் போன மூக்கு மட்டும் வெளியே வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டோபல் ஊரில் கெப்ஹார்ட் ஒருவருடைய பாலுக்கு இரண்டாவது மூச்சு இழுத்தால், அதைப் பற்றி மத்தியானத்துக்குள் ஊரே பேசி முடித்துவிடும்.

“வால்புர்கா,” என்றார், தலையைத் தூக்காமலே. “மாட்டுக்கு என்ன போடற?”

“புல்லு போடறேன். பின்ன என்ன, பொரிச்ச கறியா போடுவாங்க?”

“காஞ்ச புல்லா?”

வால்புர்காவுக்குக் காது மடல் சூடேறியது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு. அவற்றில் இதுதான் முதலாவது.

“பகல்ல மேட்டு மேய்ச்சல்ல பச்சைப் புல்லு. சாயங்காலம் தொட்டியில காஞ்ச புல்லு. எங்க மாமியார் காலத்துலேருந்து அதுதான். உன் மூக்குக்கு என்னாச்சு?”

“என் மூக்குக்கு ஒண்ணுமில்ல. உன் பால்ல ஊறுகாய்ப்புல்லு வாசம் அடிக்குது.”

வரிசையில் யாரோ ‘ஏசுவே’ என்றார்கள்.

ஈரப் புல்லை பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றிப் புளிக்கவைத்தால் அது ஊறுகாய்ப்புல். சமவெளிப் பண்ணைக்காரர்களுக்கு அது அமிர்தம். வெயில் வேண்டாம், காயவைக்க வேண்டாம், மாடுகளும் அதற்காக உயிரையே விடும். ஆனால் அதைத் தின்ற மாட்டின் பால் ஒரு குவளை கொப்பரையில் கலந்தாலும் போதும். சீஸ் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். நிலவறைப் பலகையில் மாதக்கணக்கில் முதிர்ந்துகொண்டிருக்கும்போது ஒருநாள் பந்துபோல வீங்கி, நடுவில் வெடித்து, பன்றிகூட யோசிக்கும் நாற்றத்தோடு வாய் பிளக்கும். அதனால் ஊர்ப் பால் சங்கத்தின் விதி சுருக்கமானது. ஊறுகாய்ப்புல்லை ஊட்டக்கூடாது, செய்யக்கூடாது, வீட்டு எல்லைக்குள் வைத்திருக்கவும் கூடாது.

“இன்னிக்கு உன் பாலு பன்னிக்குத்தான்,” என்றார் கெப்ஹார்ட். அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் கேனைத் தூக்கிப் பன்றித் தொட்டிப் பக்கம் வைத்துவிட்டார்.

வரிசையிலிருந்து இக்னாஸ் முன்னால் வந்தார். சங்கத் தலைவர். ஊரிலேயே பெரிய தொழுவம், பெரிய வயிறு, பெரிய குரல் மூன்றும் அவருடையவை.

“இது தனி ஆளு விஷயம் இல்ல, வால்புர்கா. ஊர் மானம். நாளைக்குக் காலையில நானும் கெப்ஹார்டும் உன் தொழுவத்துக்கு வர்றோம். மாடுகளை மேய்ச்சலுக்கு விடாத, உள்ளயே கட்டி வை. ஏதாவது சிக்கிச்சுன்னா…” என்று நிறுத்தினார்.

“சிக்கிச்சுன்னா?”

“சங்கத்துல உங்க பேரு இருக்காது. நான் கெட்டவன் இல்ல. விதின்னா விதி.”

சங்கத்தில் பேர் இல்லையென்றால் பாலை வாங்க ஆளில்லை. பெரிய கம்பெனியின் பால் லாரி கீழ்ச் சாலையோடு திரும்பிவிடும், இந்த ஏற்றத்துக்கு வராது. ஒன்பது மாடுகளின் பாலை வால்புர்காவும் அவள் கணவனும் உட்கார்ந்து குடிக்க முடியாது. விற்க வேண்டியதுதான், பாலை அல்ல, மாடுகளை.

காலிக் கேனோடு வீட்டுக்கு ஏறி வந்தாள். அம்ப்ரோஸ் தொழுவ வாசலில் சாணி வாரிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத மனிதன். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்குக்கூட ‘ம்’ என்றுதான் சொன்னான், பாதிரியார் இரண்டாம் முறை கேட்கவேண்டியிருந்தது.

நடந்ததைச் சொன்னாள். அம்ப்ரோஸின் முகம் மோர் நிறத்துக்குப் போனது. அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு “ம்,” என்றான். வழக்கமான ‘ம்’ இல்லை அது. அதற்குள் என்னவோ இருந்தது.

வால்புர்கா உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய அவனுடைய மேல்சட்டையைத் துவைக்க எடுத்தாள். பழக்கப்படி பையைத் துழாவினாள். ஒரு கயிறு, பாதி ஆப்பிள், ஒரு ஆணி. அப்புறம் கையோடு வந்தது வெளிர்பச்சை பிளாஸ்டிக் துண்டு ஒன்று. கசங்கி, ஓரம் கிழிந்து, புளிப்பு வாசத்தோடு.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. இந்தக் கோடையில் மழை விடவே இல்லை. அறுத்த புல்லைப் பரப்பினால் நனைந்தது, திருப்பிப் போட்டால் மறுபடி நனைந்தது. பரண் பாதிதான் நிறைந்தது. போன வாரம்கூட அம்ப்ரோஸ் பரணைப் பார்த்தபடி, “பனி உருகற வரைக்கும் வராது,” என்று சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு. அப்படிக் கவலைப்பட்டவன் எங்கோ போய் ஒரு ஊறுகாய்ப்புல் கட்டை வாங்கி, மேட்டு மேய்ச்சலில் ஒளித்து வைத்து, மாடுகளுக்கு ஊட்டியிருக்கிறான். அவர்களுடைய மாடு கொண்டெஸா வேறு சில நாளாகச் சாயங்காலம் தொட்டியில் போட்ட காய்ந்த புல்லை மூக்கால் தள்ளிவிட்டு, ஓட்டல் சாப்பாடு பிடிக்காத பணக்காரி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேறு எங்கேயோ வயிறு நிறைந்திருக்கிறது.

அவனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் வால்புர்கா அவனோடு முப்பது வருஷம் வாழ்ந்தவள். கேட்டால் ‘ஆமா’ என்பான். ஒருமுறை ‘ஆமா’ என்று சொல்லிவிட்டால் நாளைக்கு அவர்கள் முன்னால் ‘இல்ல’ என்று சொல்ல அந்த மனிதனுக்கு வாய் வராது. அதனால் கேட்கக்கூடாது. அவள் எழுந்து அடுப்பைத் திறந்து பிளாஸ்டிக் துண்டை நெருப்பில் போட்டாள்.

பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வீட்டை நிறைத்தபோது அம்ப்ரோஸ் உள்ளே வந்தான். மோந்து பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போனான்.

அன்று மாலை அவன் தீவனத் தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினான். தொட்டி ஈரம் பட்டால் புல் கெட்டுப்போகும் என்று வருஷம் முழுக்கச் சொல்பவன் அவன். ‘பாவம், தடயத்தை அழிக்கிறான்,’ என்று நினைத்துக்கொண்டாள் வால்புர்கா. ராத்திரி சாப்பாட்டுக்குச் சீஸ் போட்ட மாவுருண்டைகளை வதக்கிய வெங்காயத்தோடு பரிமாறினாள். இருவரும் ஒருவருக்கொருவர் தேவைக்கு மேல் அன்பாக இருந்தார்கள். வெங்காயத்தின் மொறுமொறுப்பான பகுதியை அவன் அவள் தட்டுக்குத் தள்ளினான். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். கடைசியில் யாரும் சாப்பிடாமல் ஆறிப்போனது.

மறுநாள் காலை இக்னாஸ் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு வந்தார். பின்னால் வெள்ளை ரப்பர் பூட்ஸில் கெப்ஹார்ட்.

“எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு இப்பவே சொல்லிட்டா எல்லாருக்கும் வேலை மிச்சம்,” என்றார் இக்னாஸ்.

“தேடிப் பாரு. எங்க வீட்டுல ஒளிக்கற அளவுக்குப் பெரிய பொருளு நீ ஒருத்தன்தான் இப்ப இருக்க,” என்றாள் வால்புர்கா.

கெப்ஹார்ட் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இக்னாஸ் ஏணியில் பரணுக்கு ஏறினார். ஏணி முனகியது. நீளக் கழி ஒன்றை எடுத்துப் புல் குவியலை அங்கங்கே குத்திப் பார்த்தார். தூசி கிளம்பியது. ஒரு தும்மல். இன்னொரு தும்மல். மூன்றாவது தும்மலில் தொப்பி கீழே விழுந்தது. கட்டியிருந்த மாடு ஒன்று அதை எடுத்து நிதானமாக மெல்லத் தொடங்கியது.

“அது காஞ்ச புல்லு இல்ல, கம்பளி,” என்றாள் வால்புர்கா. “அதுக்கு விதியில தடை இருக்கா?”

பரணில் ஒன்றும் கிடைக்கவில்லை. விறகுக் கொட்டகையிலும் நிலவறையிலும் இல்லை. அம்ப்ரோஸ் அவர்கள் பின்னாலேயே ஒவ்வொரு இடத்துக்கும் வந்து, ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டான். இக்னாஸ் அதைக் கவனித்தார். வால்புர்காவும் கவனித்தாள்.

கடைசியில் கெப்ஹார்ட் சொன்னார்: “பொருளைத் தேடறது வீண். தின்னவங்களைக் கேப்போம்.”

அவர் முதல் மாட்டின் முன்னால் குனிந்து, தாடையை இரு கையாலும் ஏந்தி, அது மூச்சு விடும்வரை காத்திருந்து முகர்ந்தார். “சுத்தம்.” அடுத்தது. “சுத்தம். புதினா மேஞ்சிருக்கு.” மூன்றாவது மாடு அவர் முகத்தை நக்கியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “சுத்தம்,” என்றார். நான்காவது மாட்டின் வாயில் இக்னாஸின் தொப்பி இன்னும் பாதி மிச்சமிருந்தது. “இவளைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. இக்னாஸோட தலை வாசம்தான் வருது.”

அடுத்த நாலும் சுத்தம். கடைசியில் கொண்டெஸா. பெரிய மாடு, மூக்கைச் சுற்றிக் கிரீம் நிற வளையம், நீண்ட இமை. யாரையும் நேராகப் பார்க்கமாட்டாள். கெப்ஹார்ட் குனிந்தார். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். கெப்ஹார்ட் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

“இவதான்.”

இக்னாஸ் நெஞ்சை நிமிர்த்தினார். “ஆக. ஊட்டினது யாரு?”

வால்புர்கா பக்கத்தில் நின்ற அம்ப்ரோஸைப் பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும். அவனுக்கு ஊரில் நல்ல பேர். திருவிழாவில் பெரிய மெழுகுவர்த்தியைத் தூக்குகிறவன். அவளுக்கு எப்படியும் வாய்க்காரி என்று பேர் இருக்கிறது. அதோடு இதுவும் போகட்டும்.

“நான்தான்,” என்றாள்.

“நான்தான்,” என்றான் அம்ப்ரோஸ், அதே நொடியில்.

கெப்ஹார்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு மாட்டுக்கு ரெண்டு பேரா ஊட்டினீங்க?”

“அவர் சொல்றதை நம்பாத,” என்றாள் வால்புர்கா. “அவருக்கு ஊறுகாய்ப்புல்லுக்கும் ஊறுகாய்க்கும் வித்தியாசம் தெரியாது.”

“அவ பொய் சொல்றா,” என்றான் அம்ப்ரோஸ். “நான்தான். தனியா.”

“கட்டு எங்க?” என்றார் இக்னாஸ்.

வால்புர்கா காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். அம்ப்ரோஸ் ஓடைப் பக்கம் காட்டினான். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துவிட்டு, அவசரமாகக் கையை மாற்றிக்கொண்டார்கள். இப்போது அவள் ஓடையையும் அவன் காட்டையும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“போதும்,” என்றார் இக்னாஸ். “யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க. சங்கத்துக்கு அது முக்கியமில்ல. ஒத்துக்கிட்டீங்க. நாளையிலேருந்து உங்க பாலு…”

அப்போது வாசலில் இருமல் சத்தம் கேட்டது. டாக்டர் ஹார்ட்விக் நின்றிருந்தார். ஷ்டுட்கார்ட் நகரத்தில் பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மேட்டு மேய்ச்சலுக்கு அடுத்த பழைய வீட்டை வாங்கி இரண்டு குட்டைக் குதிரைகளோடு வாழ்கிறார். ஊரில் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்பார்கள், டாக்டரை மட்டும் ‘நீங்க’ என்பார்கள். அதை அவர் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“மன்னிக்கணும், விருந்தாளிங்க இருக்காங்க போல,” என்றார். “ஒண்ணுமில்ல, நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான் இருந்தா. இன்னிக்கு வேலிக்கு வரவே இல்ல. உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன். அதான் சாப்பாட்டை இங்கயே எடுத்துட்டு வந்தேன்.”

கையில் ஒரு வாளி இருந்தது.

வாசம் வாளிக்கு முன்னால் உள்ளே வந்தது. கெப்ஹார்டின் மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கொண்டெஸா கயிற்றை இழுத்துக்கொண்டு, அந்தத் தொழுவத்தில் யாருக்கும் கொடுக்காத குரலில், கன்றுக்குட்டி மாதிரி கத்தினாள்.

“பாருங்க, அடையாளம் கண்டுக்கறா!” என்றார் டாக்டர் சந்தோஷமாக. “தினமும் வேலி வழியா தலையை நீட்டி, குதிரைங்க தொட்டியிலேருந்தே சாப்பிடுவா. குதிரைங்களுக்குக் கோபம், ஆனா இவளை எதிர்க்க தைரியம் இல்ல. பிளாஸ்டிக்கைக்கூட இவளே கிழிச்சுப்பா. என்ன பல்லு! முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படியொரு கீழ் வரிசையை நான் பாத்ததில்ல.”

வால்புர்கா மெதுவாக அம்ப்ரோஸைப் பார்த்தாள். அம்ப்ரோஸ் ஏற்கனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேலி ஓரமா கிடந்துச்சு,” என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “அந்த பிளாஸ்டிக். மாடு முழுங்கிடுமேன்னு எடுத்துப் பையில போட்டேன். நீ அதை எரிச்சே…”

“உன் பையில இருந்துச்சு!”

“எனக்கு எப்படித் தெரியும் நீ எதை எரிக்கறேன்னு?”

இக்னாஸ் தொண்டையைக் கனைத்தார். திடீரென்று அவருக்கு நேரமாகிவிட்டது. “சரி சரி. வெளியாள் தெரியாம பண்ணினது. டாக்டர், இனிமே அந்த மாட்டுக்குக் குடுக்காதீங்க. முடிஞ்சுது. கெப்ஹார்ட், கிளம்பலாம்.”

ஆனால் கெப்ஹார்ட் கிளம்பவில்லை. வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து விரலால் பிரித்துக்கொண்டிருந்தார். “நல்லாப் பண்ணியிருக்காங்க,” என்றார். “பூ எல்லாம் நம்ம பக்கத்துப் பூவா இருக்கு. எங்க வாங்கினீங்க, டாக்டர்?”

“ஏன், இவர்கிட்டதான்,” என்று டாக்டர் இக்னாஸைக் காட்டினார். “நல்ல மனுஷன். மழையில புல்லு காயலையாம், வீணாப் போகுதேன்னு குதிரைக்குக் குடுத்தார். அவரே ராத்திரியில டிராக்டர்ல கொண்டாந்து இறக்கினார். பகல்ல டிராக்டர் சத்தம் குதிரைக்கு ஆகாதுன்னு. எவ்வளவு அக்கறை!”

இக்னாஸின் கழுத்து சிவக்கத் தொடங்கியது, மேலே காது வரை. தொப்பி இல்லாததால் அது நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் அறுப்பு நேரத்தில் ஊரே வானத்தைப் பார்த்துச் சபித்துக்கொண்டிருந்தபோது, இக்னாஸின் புல்வெளி மட்டும் ஒரே இரவில் சுத்தமானதை எல்லோரும் பார்த்தார்கள். கெட்டிக்காரன் என்று பேசிக்கொண்டார்கள்.

“அது குதிரைக்கு,” என்றார். “மாட்டுக்கு இல்ல.”

“விதியை நீதானே சொல்லுவ,” என்றாள் வால்புர்கா. “ஊட்டக்கூடாது. செய்யக்கூடாது. வச்சிருக்கக்கூடாது. நடுவுல இருக்கறது என்ன? எனக்கு மறந்துபோச்சு, நீ சொல்லு.”

இக்னாஸ் கெப்ஹார்டைப் பார்த்தார். கெப்ஹார்ட் மாட்டைப் பார்த்தார். டாக்டர் எல்லோரையும் பார்த்து, “நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?” என்றார்.

“இல்ல டாக்டர், நீங்கதான் சரியா பேசினீங்க. உக்காருங்க, காப்பி போடறேன்,” என்றாள் வால்புர்கா. “தலைவரே, இப்ப யார் பேரை முதல்ல அடிக்கறது? உன்னதா, என்னதா? நான் கெட்டவ இல்ல. நீ சொல்ற வரிசைப்படியே பண்ணிக்கலாம்.”

இக்னாஸ் பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்தார். அது அவருக்காகச் செய்யப்பட்டதல்ல. இதுவரை அவரிடம் யாரும் கேட்டிராத சிறிய குரலில், “என்ன பண்ணலாம்?” என்றார்.

முடிவைக் கெப்ஹார்ட்தான் சொன்னார். சீஸ் கெடாமல் இருக்கவேண்டும், அவருக்கு அவ்வளவுதான். கொண்டெஸாவின் மூச்சு சுத்தமாகும்வரை அவள் பால் கன்றுகளுக்கு, மற்ற எட்டு மாட்டுப் பால் கொப்பரைக்கு. இக்னாஸ் மீதிக் கட்டுகளை இன்றே சமவெளிக்கு ஏற்றி அனுப்பவேண்டும், அதுவும் பகலில். குதிரைகளுக்கு இனி அவர் பரணிலிருந்து காய்ந்த புல் போகும். அடுத்த கூட்டத்தில் இதைச் சபையில் அவரே எழுந்து சொல்லவேண்டும், சபை என்ன சொன்னாலும் கேட்கவேண்டும்.

“சொல்லித்தான் ஆகணுமா?” என்றார் இக்னாஸ்.

“வால்புர்கா சொல்றதைவிட நீ சொன்னா உனக்கு நல்லது,” என்றார் கெப்ஹார்ட்.

அதை இக்னாஸ் உடனே ஒப்புக்கொண்டார்.

அவர்கள் போனதும், டாக்டரையும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, வால்புர்கா தொழுவத்துக்குத் திரும்பி வந்தாள். அம்ப்ரோஸ் கவைக்கோலால் கொண்டெஸாவுக்குக் காய்ந்த புல் போட்டுக்கொண்டிருந்தான். கொண்டெஸா புல்லைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். காலி வாசலைப் பார்த்தாள்.

“முப்பது வருஷம்,” என்றாள் வால்புர்கா. “என்னைத் திருடின்னு நெனச்சுட்டியே.”

“நீ மட்டும் என்னை என்னன்னு நெனச்சே?”

“நான் உன்னைக் காப்பாத்தத்தான் நெனச்சேன்.”

“நானும்தான்.”

“உனக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதான் நானே சொன்னேன்.”

“உனக்கு நல்லாச் சொல்லத் தெரியும்,” என்றான் அம்ப்ரோஸ். “அதான் எனக்குப் பயமாப் போச்சு.”

அன்றைக்கு அவன் பேசியது ஒரு மாதத்துக்கான பேச்சு. களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தான்.

மறுநாள் காலை வால்புர்கா எட்டு மாட்டுப் பாலோடு சீஸ் கூடத்துக்கு இறங்கினாள். வரிசையில் இருந்தவர்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்திருந்தார்கள், சிலர் பாலே இல்லாமல். கெப்ஹார்ட் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரே மூச்சு. கேனைச் சாய்த்தார். பால் கொப்பரைக்குள் கொட்டி, ஊராருடைய பாலோடு கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் போகும்வரை வால்புர்கா அங்கேயே நின்றாள்.

“இன்னும் என்ன?” என்றார் கெப்ஹார்ட். “நகரு. அடுத்தது இக்னாஸ் பாலு. இதுக்குக் கொஞ்சம் நேரமாகும்.”